17 மணி நேர ஃபுட்டேஜ், 430 மார்க்கர்கள்: நான் தொலைத்த 11 நாட்கள்

ஓய்வுபெற்ற ஒன்பது செவிலியர்களின் நேர்காணல்களை வைத்து 70 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடிட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மொத்த ஃபுட்டேஜ், அதாவது படம் பிடித்த காட்சிகள், 17 மணி நேரம். உதவிக்கு யாரும் கிடையாது. பார்ப்பது, குறிப்பது, வெட்டுவது, ஒலியைச் சரிசெய்வது எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள்தான். மார்க்கர் (ஓர் இடத்தில் வைக்கும் அடையாளக் குறி), ரீஜன் (ஒரு பகுதி முழுவதையும் குறிப்பது), சப்கிளிப் (நீளமான கிளிப்பிலிருந்து பிரித்த சிறு பகுதி) இந்த மூன்றையும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் வேலையில் இறங்கியதால் மட்டும் அதில் 11 வேலை நாட்கள் வீணாகப் போயின. படம் தள்ளிப்போனது. அடுத்ததாகப் பேசி வைத்திருந்த வேறொரு வேலையை விட்டுவிட்டு, அதற்கு வாங்கிய முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். விவரம் தெரிந்த ஒருவர் ஆரம்பத்திலேயே பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. எனக்குக் கிடைக்காத அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொடங்கிய விதம் இதுதான். எல்லா கிளிப்புகளையும் (படத்துண்டுகளையும்) படம் பிடித்த வரிசையிலேயே ஒரே டைம்லைனில், அதாவது காட்சிகளை நேர வரிசையில் அடுக்கும் பட்டையில், கொட்டினேன். 17 மணி நேரமும் ஒரே நீளமான பட்டையாக நின்றது. ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்து, மனதைத் தொடும் இடம் வரும்போதெல்லாம் விசைப்பலகையில் 'எம்' தட்டினேன். தட்டத் தட்ட மேலே இருக்கும் அளவுகோலில் மார்க்கர்கள் வரிசையாக விழுந்தன. கை வேகமாகப் பழகிவிட்டது. பாதி மார்க்கருக்குப் பெயரே வைக்கவில்லை. மீதிப் பாதியில் 'நல்லா இருக்கு', 'சூப்பர்', 'இது வேணும்' என்ற மாதிரி எழுதினேன். நிறத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. சலிப்புத் தட்டும்போது மாற்றிக்கொண்டேன். ஆறு நாள் முடிவில் 430 மார்க்கர்கள் சேர்ந்திருந்தன. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். படத்தில் பாதி முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த இரண்டு நாட்கள் சுத்தம் செய்யும் வேலை. கேள்வி கேட்பவரின் குரல், இருமல், தண்ணீர் குடிக்கும் இடைவெளி, கேமராவைச் சரிசெய்யும் நேரம் எல்லாவற்றையும் ரிப்பிள் டெலீட் செய்துகொண்டே போனேன். ரிப்பிள் டெலீட் என்றால் தெரியும்தானே? வெட்டிய இடம் காலியாக நிற்காமல், பின்னால் இருக்கும் கிளிப்புகள் எல்லாம் முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடிவிடும். திரையைப் பெரிதாக்கி வைத்து, ஒரு நேரத்தில் அரை நிமிடப் பகுதியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாம் நாள் மாலை, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க முழு டைம்லைனையும் சுருக்கினேன். பட்டை பன்னிரண்டரை மணி நேரத்தில் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு, கிளிப்பே இல்லாத வெற்றிடத்துக்கு மேலே, அளவுகோலில் மட்டும் நூற்றுக்கும் அதிகமான மார்க்கர்கள் பதினேழாவது மணி நேரம் வரை வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. கிளிப்புகள் நகர்ந்திருக்கின்றன, மார்க்கர்கள் நகரவில்லை. முதல் மணி நேரத்தில் இருந்தவை சில விநாடிகள் விலகியிருந்தன, நடுவில் இருந்தவை மணிக்கணக்கில் விலகியிருந்தன. எந்த மார்க்கரைச் சொடுக்கினாலும் சம்பந்தமே இல்லாத யாரோ பேசிக்கொண்டிருந்தார். பெயரும் கைகொடுக்கவில்லை. 'நல்லா இருக்கு' என்பதை வைத்துக்கொண்டு எதைத் தேடுவது?

மார்க்கர் எங்கே ஒட்டுகிறது என்பதை நான் அதுவரை ஒருமுறைகூட யோசித்ததில்லை. அது மூன்று இடங்களில் ஒன்றில் ஒட்டலாம். ஒன்று, டைம்லைனின் அளவுகோலில். அப்போது அது குறிப்பது ஒரு நேரத்தைத்தான், கீழே எந்தக் காட்சி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டாவது, டைம்லைனில் இருக்கும் கிளிப்பின் மேல். அப்போது கிளிப் நகர்ந்தால் மார்க்கரும் கூடவே போகும். மூன்றாவது, மூல கிளிப்பில், அதாவது இன்னும் டைம்லைனுக்கு வராத முழு நேர்காணலில். இது எப்போதும் அந்தக் காட்சியோடு இருக்கும், அந்த கிளிப்பை எந்த டைம்லைனுக்குக் கொண்டுபோனாலும் உடன் வரும். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் டைம்லைனில் கிளிப் எதையும் தேர்ந்தெடுக்காமல் 'எம்' தட்டினால் மார்க்கர் அளவுகோலில் விழும். கிளிப்பைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் கிளிப்பின் மேல் விழும். புராஜெக்ட் பேனலில் கிளிப்பை இருமுறை சொடுக்கி சோர்ஸ் மானிட்டரில் (மூல கிளிப்பைத் தனியாகப் பார்க்கும் சாளரம்) திறந்து தட்டினால் மூல கிளிப்பில் விழும். ஒரே விசைதான். தேர்வு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது. இன்னொரு மென்பொருளான டாவின்சி ரிசால்விலும் கிளிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா இல்லையா என்பதுதான் மார்க்கர் எதில் விழுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அங்கே 'ஃபிளாக்' என்று தனியாக ஒன்று உண்டு. அது மூலக் கோப்போடு ஒட்டுவதால், அந்தக் கோப்பிலிருந்து வந்த கிளிப்புகள் எல்லாவற்றிலும் தெரியும். மார்க்கர் அப்படியில்லை, ஒரு குறிப்பிட்ட ஃபிரேமை (படத்தின் ஒற்றைச் சட்டகத்தை) காட்டும்.

ஆகவே ஃபுட்டேஜைப் பார்க்கும்போது போடும் குறிப்புகள் மூல கிளிப்பில்தான் இருக்க வேண்டும். டைம்லைன் மார்க்கர் வேறு வேலைக்கு: 'இங்கே இசை ஆரம்பம்', 'இங்கே தலைப்பு வர வேண்டும்', 'இந்த வெட்டு துள்ளுகிறது' போன்ற படத்தின் நேரத்தோடு சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு. அதையும் வெட்டும்போது கூடவே நகர்த்த வழி இருக்கிறது. பிரீமியர் புரோவின் மார்க்கர்ஸ் மெனுவில் 'ரிப்பிள் சீக்வென்ஸ் மார்க்கர்ஸ்' என்று ஒரு வரி உண்டு, அதில் டிக் இருக்கிறதா என்று வெட்டத் தொடங்கும் முன் பாருங்கள். வேகாஸ் புரோ என்ற மென்பொருளில் ஆட்டோ ரிப்பிளுக்கு (வெட்டியதும் பின்னால் இருப்பவை தானாக நகரும் வசதிக்கு) மூன்று நிலைகள் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட டிராக்குகளை (காட்சி, ஒலி அடுக்குகளை) மட்டும் நகர்த்துவது ஒன்று, அவற்றோடு பஸ் டிராக் (பல டிராக்குகள் ஒன்றுசேரும் டிராக்), மார்க்கர், ரீஜன்களையும் நகர்த்துவது இன்னொன்று, எல்லா டிராக்குகளையும் மார்க்கர், ரீஜன்களோடு நகர்த்துவது மூன்றாவது. முதல் நிலையில் வைத்துக்கொண்டு வெட்டினால் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

இனி சொல்லப்போவதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அன்று இரவு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்று ஆட்டோசேவ் பிரதிகளைத் தேடினேன். 15 நிமிடத்துக்கு ஒன்றாக 20 பிரதிகள் வைத்துக்கொள்ளும்படி என் அமைப்பு இருந்தது. இருபது பிரதிகள் என்றால் நிறைய என்று தோன்றும், கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரம்தான். புதிய பிரதி வர வர பழையது அழிந்துவிடுகிறது. நான் வெட்டத் தொடங்கி இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. ஒரு பிரதியும் பயன்படவில்லை. களைப்பும் கோபமும் சேர்ந்துகொண்டன. 'இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்ய' என்று எல்லா மார்க்கரையும் ஒரேயடியாக அழித்தேன். மறுநாள் காலை முதல் கிளிப்பிலிருந்து திரும்பவும் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்து, மூல கிளிப்பில் சரியாகக் குறித்து முடிக்க ஏழு நாட்கள் ஆயின.

ஆறாவது நாள், ஏதோ ஒரு கிளிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொறி தட்டியது. நான் அழித்த மார்க்கர்கள் தவறானவையே அல்ல. அவை இருந்த இடத்திலேயேதான் இருந்தன. நகர்ந்தது கிளிப்புகள் மட்டும்தான். வெட்டாத மூல கிளிப்புகளை மறுபடி அதே வரிசையில் அவற்றுக்குக் கீழே அடுக்கியிருந்தால், 430 மார்க்கர்களும் தத்தம் காட்சிக்கு மேலே போய்ச் சரியாக நின்றிருக்கும். பத்து நிமிட வேலை. நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய் வெகுநேரம் நடந்துவிட்டு வந்தேன். அன்று எதுவும் செய்ய மனம் வரவில்லை.

உங்களுக்கு இப்படி ஆனால், தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். முதலில் புராஜெக்டை வேறு பெயரில் சேமியுங்கள். பாதிக்கப்பட்ட டைம்லைனை டூப்ளிகேட் செய்து, அந்தப் பிரதியில் மார்க்கர் நகரும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கிளிப்புகளை மட்டும் அழியுங்கள். காலி டைம்லைனும் அளவுகோலில் மார்க்கர்களும் மிஞ்சும். இப்போது மூல கிளிப்புகளை முதலில் அடுக்கிய அதே வரிசையில், தொடக்கத்திலிருந்து இடைவெளியில்லாமல் அடுக்குங்கள். வரிசை மாறிவிட்டால் எல்லாம் மாறிவிடும், அதனால் கிளிப்புகளை அடுக்கும்போது எந்த வரிசையில் அடுக்கினோம் என்பதை எங்காவது எழுதி வைப்பது நல்லது. இரண்டு மூன்று மார்க்கர்களைச் சொடுக்கிப் பார்த்தாலே சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். வெட்டத் தொடங்கிய பிறகு நீங்கள் புதிதாகப் போட்ட மார்க்கர்கள் மட்டும் இதில் பொருந்தாது, அவற்றைத் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், பெரிய வெட்டு எதையும் தொடங்கும் முன் டைம்லைனை டூப்ளிகேட் செய்து தேதி போட்டு ஓர் ஓரமாக வையுங்கள். அதற்கு வட்டில் இடமே தேவைப்படாது என்றே சொல்லலாம்.

நான் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் படத்தைத் தயாரிப்பவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரும் ஒரு செவிலியர். ஒன்பது பேரில் ஒருவர் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். "எங்க சிஸ்டர் கண்ணாடியைத் துடைச்சுட்டே கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்களே, அது படத்துல வருதுல்ல?" என்று கேட்டார். "கண்டிப்பா வரும்" என்றேன். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது யோசித்தால் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அவர் பழைய தேதியை நம்பித் திரையிடலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார், பிறகு அதை மாற்ற அவர் பலரிடம் பேச வேண்டியிருந்தது.

அந்த சிஸ்டரின் நேர்காணல் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அன்று இரவே தேடினேன். ஒலியின் அலைவடிவம் தட்டையாக இருக்கும் இடங்களை மட்டும் பார்த்துப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் நிதானமாகப் பேசுபவர், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, விடியற்காலை மூன்று மணிக்குக் கண்டுபிடித்தேன். கண்ணாடியைக் கழற்றுகிறார். இடது பக்கக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். சுத்தமாகத்தான் இருக்கிறது. மறுபடி அதே பக்கத்தையே துடைக்கிறார். பின்னணியில் சுவர்க்கடிகாரத்தின் ஓசை மட்டும் கேட்கிறது. 14 விநாடிகள். அப்புறம் கண்ணாடியைப் போடாமலே, "அந்த ராத்திரி அந்தக் குழந்தை என் கையிலதான் இருந்துச்சு" என்று தொடங்குகிறார். முதல் முறை பார்த்தபோது இதற்கும் நான் 'நல்லா இருக்கு' என்றுதான் எழுதியிருந்தேன். மார்க்கர்கள் தொலையாமல் இருந்திருந்தாலும், அதே பெயரில் இருந்த அறுபது மார்க்கர்களுக்குள் இதைத் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அதனால் பெயர் வைப்பதைப் பற்றி நான் இப்போது கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். மார்க்கரில் நம் அபிப்பிராயத்தை எழுதக்கூடாது. கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் எழுத வேண்டும். 'கண்ணாடி துடைக்கிறார், 14 வி. மௌனம், பிறகு: அந்த ராத்திரி' என்று எழுதினால் மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும். பேசுபவரின் முதல் இரண்டு சொற்களை அப்படியே எழுதிவிடுவது மிகவும் உதவும், ஏனென்றால் பின்னால் தேடும்போது நம் நினைவில் வருவது பெரும்பாலும் அந்தச் சொற்கள்தான். பிரீமியர் புரோவின் மார்க்கர்ஸ் பேனலில் தேடும் பெட்டி இருக்கிறது. டாவின்சி ரிசால்வில் எடிட் இன்டெக்ஸைத் திறந்தால் மார்க்கர்களை மட்டும் பட்டியலாகப் பார்க்கலாம். இரண்டு மென்பொருளிலும் 'எம்' விசையை இரண்டு முறை தட்டினால் பெயர் எழுதும் பெட்டி திறந்துவிடும். முதலில் ஓடவிட்டு மார்க்கர் மட்டும் போட்டுக்கொண்டே போய், பெயர்களைப் பிறகு மொத்தமாக எழுதலாம் என்று சிலர் செய்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. முதல் முறை பார்க்கும்போது ஏன் தட்டினோம் என்ற உணர்வு அடுத்த நாள் இருப்பதில்லை. இன்னொன்று, ஓடும்போது தட்டினால் கை எப்போதும் கொஞ்சம் பிந்திவிடும், பேச்சு தொடங்கிய பிறகுதான் மார்க்கர் விழும். நிறுத்தி, பின்னால் போய், அவர் மூச்சை இழுக்கும் இடத்தில் வைத்துவிட்டு எழுதினால் ஒரு மார்க்கருக்குப் பத்து இருபது விநாடி கூடுதலாகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

நிறம் நான்கு போதும். பிரீமியர் புரோவில் எட்டு நிறங்கள், ரிசால்வில் பதினாறு நிறங்கள் கிடைக்கின்றன. இருப்பதையெல்லாம் பயன்படுத்தினால் எது எதற்கு என்பது இரண்டாம் வாரமே மறந்துவிடும். எனக்குச் சிவப்பு என்றால் படத்தில் கட்டாயம் வர வேண்டியது, பச்சை என்றால் நல்ல பேச்சு, நீலம் என்றால் முகம் தவிர்த்த காட்சிகள், மஞ்சள் என்றால் ஒலியிலோ ஃபோகஸிலோ கோளாறு. இந்த விளக்கத்தையே டைம்லைனின் முதல் ஃபிரேமில் ஒரு மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன், யார் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்த அடி சப்கிளிப்பில் விழுந்தது. மார்க்கர்களை ஒழுங்குபடுத்திய பிறகு, நல்ல பேச்சுகளை எல்லாம் தனித்தனி சப்கிளிப்புகளாகப் பிரித்தால் தலைப்பு வாரியாக பின்களில் (கிளிப்புகளை வைக்கும் கோப்புறைகளில்) போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினேன். யோசனை நல்லதுதான். பிரீமியர் புரோவில் இன், அவுட் (தொடக்க, முடிவுப் புள்ளிகள்) குறித்துவிட்டு கன்ட்ரோலும் 'யு'வும் தட்டினால், மேக்கில் கமாண்டும் 'யு'வும் தட்டினால், சப்கிளிப் ஆகிவிடும். அப்போது ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டிரிம் செய்வதை (ஓரத்தை நீட்டுவதை, குறைப்பதை) சப்கிளிப்பின் எல்லைக்குள் கட்டுப்படுத்தலாமா என்று ஒரு டிக் இருக்கும். ஒழுங்காக இருக்கட்டும் என்று நான் அந்த டிக்கோடு 180 சப்கிளிப்புகள் செய்தேன். இன், அவுட் புள்ளிகளையும் முதல் எழுத்து தொடங்கும் இடத்திலும் கடைசி எழுத்து முடியும் இடத்திலும் நறுக்கென்று வைத்தேன்.

ரஃப் கட் (படத்தின் முதல் தோராய வடிவம்) செய்யத் தொடங்கியபோதுதான் விளைவு தெரிந்தது. ஒருவர் பேசி முடித்த பிறகு அவர் முகம் ஒரு விநாடி திரையில் இருக்கட்டும் என்று கிளிப்பின் ஓரத்தை இழுத்தால் நகர மறுத்தது. அடுத்தவரின் குரலை முந்தைய காட்சியின் மேலேயே கேட்கவிட்டுப் பிறகு முகத்தைக் காட்டலாம் என்றால் அதற்கும் குரலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. டிசால்வ் (ஒரு காட்சி மங்க மங்க அடுத்தது தோன்றுவது) போட முடியவில்லை. ஒரு விநாடி டிசால்வை வெட்டின் நடுவில் வைக்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் அரை விநாடி உபரிக் காட்சி வேண்டும். மூலக் கோப்பில் அந்தக் காட்சி இருந்தது, நான்தான் சுவர் எழுப்பியிருந்தேன். பின்னில் ஒவ்வொரு சப்கிளிப்பாக எடிட் சப்கிளிப்பில் திறந்து எல்லையை மாற்றி, டைம்லைனில் ஏற்கெனவே வைத்தவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து முடிக்க மூன்று நாட்கள் போயின. பேச்சாளர் வாயை மூடிய பிறகு முகத்தில் வருவதுதான் பல நேரம் நேர்காணலின் உயிர். அதையெல்லாம் வெட்டியெறியும்படி சப்கிளிப் செய்திருக்கிறேனே என்று அந்த மூன்று நாளும் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் செய்கிறேன். பேச்சுக்கு முன்னால் மூன்று விநாடி, பின்னால் ஐந்து விநாடி தாராளமாக விட்டுவிடுகிறேன்.

சப்கிளிப் பற்றி இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். அது தனிக் கோப்பு அல்ல, பெரிய கோப்பின் ஒரு பகுதியைச் சுட்டும் குறிப்பு மட்டும்தான். அதனால்தான் எத்தனை செய்தாலும் வட்டில் இடம் பிடிப்பதில்லை. சப்கிளிப் செய்தாகிவிட்டதே என்று வட்டிலிருந்து மூலக் கோப்பை அழித்தீர்களானால் அதிலிருந்து வந்த சப்கிளிப்புகள் எல்லாம் ஆஃப்லைன் ஆகிவிடும், அதாவது காட்சி இல்லாமல் போய்விடும். நல்லவேளையாக இந்தத் தவறை நான் செய்யவில்லை, ஆனால் வட்டில் இடம் போதாமல் போன ஓர் இரவில் செய்யப் பார்த்தேன்.

சப்கிளிப்பே தேவையா என்பதும் யோசிக்க வேண்டியது. ஃபைனல் கட் புரோவில் வேலை செய்பவர்கள் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கீவேர்டு கொடுத்துவிடுகிறார்கள், அல்லது 'எஃப்' தட்டி ஃபேவரிட் ஆக்கிக்கொள்கிறார்கள். ஒரே பகுதிக்கு 'இரவுப் பணி' என்றும் 'குழந்தைகள்' என்றும் இரண்டு கீவேர்டு கொடுத்தால் இரண்டு தொகுப்பிலும் அது தெரியும். நேர்காணலுக்கு அது மிகப் பொருத்தம். மற்ற மென்பொருள்களில் இதற்கு அருகில் வருவது நீளமுள்ள மார்க்கர். பிரீமியரிலும் ரிசால்விலும் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மார்க்கரை இழுத்தால் அது புள்ளியாக இல்லாமல் ஒரு பகுதியாக விரியும். வேகாஸில் இதற்கு ரீஜன் என்றே பெயர், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து 'ஆர்' தட்டினால் போதும். நான் இப்போது முதலில் எல்லாவற்றையும் நீளமுள்ள மார்க்கராகவே போடுகிறேன். பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதிலேயே இருக்கிறது, மனம் மாறினால் ஓரத்தை இழுத்து மாற்றிக்கொள்ளலாம். எது படத்துக்கு வரப்போகிறது என்று தெளிவான பிறகு தேவையானதை மட்டும் சப்கிளிப் ஆக்குகிறேன். ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்பை வலது சொடுக்கினால் நீளமுள்ள மார்க்கர்களை ஒரே நேரத்தில் சப்கிளிப்புகளாக மாற்றும் வசதியே இருக்கிறது. படத்திலிருந்து சிறு துண்டுகளைத் தனித்தனிக் கோப்புகளாக எடுக்க வேண்டும் என்றால் வேகாஸின் பேட்ச் ரெண்டரில் (பல கோப்புகளை ஒரே முறையில் உருவாக்கும் வசதியில்) ரீஜன் ரீஜனாக ரெண்டர் செய்யச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு நாளைத் தின்றது டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள மணி:நிமிடம்:விநாடி:ஃபிரேம் எண். முதல் வடிவத்தை அனுப்பினேன், தயாரிப்பவர் திருத்தங்களை நேரம் போட்டு எழுதி அனுப்பினார். "47:10-ல் சிஸ்டர் பேர் தப்பா இருக்கு" என்பது அதில் ஒன்று. என் டைம்லைன் 01:00:00:00 என்று தொடங்குவது, அதனால் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரத்தைக் கூட்டி மார்க்கர் போட்டேன். அந்த இடத்தில் திரையில் வேறொரு சிஸ்டர் இருந்தார், கீழே அவர் பெயர் இருந்தது. எழுத்துப்பிழை போல என்று அதை மாற்றிவிட்டேன். சரியாக இருந்த பெயரைத் தவறாக்கி, தவறாக இருந்ததை அப்படியே விட்டு, இரண்டாவது வடிவத்தை அனுப்பினேன். தயாரிப்பவர் கோபப்படவில்லை. "இவங்க பேரையும் மாத்திட்டீங்களே" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

காரணம் என் டைம்லைன் 29.97 ஃபிரேம், நான்-டிராப் டைம்கோடு. அந்தக் கணக்கு விநாடிக்கு 30 ஃபிரேம் என்று எண்ணுகிறது, ஓடுவதோ 29.97. ஆகவே ஒரு மணி நேரத்தில் டைம்கோடு உண்மையான நேரத்தைவிட 108 ஃபிரேம், அதாவது 3.6 விநாடி பின்தங்கிவிடுகிறது. 47 நிமிடத்தில் கிட்டத்தட்ட மூன்று விநாடி. அவர் பார்த்த பிளேயர் காட்டியது உண்மையான நேரம், நான் தட்டியது டைம்கோடு. என் மார்க்கர் மூன்று விநாடி தள்ளி, அடுத்த ஷாட்டில் போய் விழுந்திருக்கிறது. டிராப்-ஃபிரேம் டைம்கோடு இதைச் சரிக்கட்டத்தான் இருக்கிறது. பத்தாவது நிமிடங்களைத் தவிர ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களை அது தாண்டிப் போகிறது. 54 நிமிடங்களுக்கு இரண்டிரண்டு, மொத்தம் 108. தாண்டுவது எண்களைத்தான், படத்தின் ஃபிரேம் எதுவும் போவதில்லை. 25 ஃபிரேமில் வேலை செய்தால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் எந்த ஃபிரேம் விகிதமானாலும், பார்வைக்கு அனுப்பும் பிரதியில் டைம்கோடைத் திரையிலேயே பதித்து அனுப்பிவிடுங்கள். பார்ப்பவர் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து எழுதுவார், நீங்கள் அதே எண்ணைத் தட்டுவீர்கள். நடுவில் கணக்கே வேண்டாம். கூடவே 'திரையில் யார் இருக்கிறார்' என்று ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் நாளின் கடைசி வேலையாக மார்க்கர் பட்டியலை வெளியே எடுத்து வைக்கிறேன். பிரீமியர் புரோவில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதற்குள் மார்க்கர்ஸ் என்று போனால் சி.எஸ்.வி (அட்டவணை) கோப்பாகக் கிடைக்கும். எச்.டி.எம்.எல் வடிவில் எடுத்தால் சிறு படங்களோடும் எடுக்கலாம், தயாரிப்பவரிடம் காட்ட அது வசதி. ரிசால்வில் டைம்லைன் மார்க்கர்களை இ.டி.எல் (எடிட் விவரங்களின் உரைப் பட்டியல்) ஆக எடுக்கலாம். பிரீமியரின் மீடியா அமைப்புகளில் கிளிப் மார்க்கர்களை எக்ஸ்.எம்.பி தகவலாக (மீடியா கோப்போடு சேர்ந்து தங்கும் குறிப்புகளாக) எழுதும் தேர்வு ஒன்றும், வேகாஸின் டிரிம்மரில் மார்க்கர், ரீஜன்களை மீடியா கோப்போடு சேமிக்கும் வசதியும் இருக்கின்றன. புராஜெக்ட் கோப்பே கெட்டுப்போனாலும் குறிப்புகள் காட்சியோடு தங்கும் என்பது இதில் லாபம். அதே கிளிப்பை இன்னொரு புராஜெக்டில் திறந்தால் பழைய குறிப்புகளும் கூடவே வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் ஃபுட்டேஜில் வேலை செய்யும்போது நான் இதைப் பயன்படுத்துவதில்லை, சி.எஸ்.வி-யோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படம் முடிந்தது. சிஸ்டரின் அந்த 14 விநாடிகளை வெட்டாமல், இசை போடாமல், கடிகார ஓசையோடு அப்படியே வைத்திருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றும் ஃபிரேமில், மூல கிளிப்பில், ஒரு சிவப்பு மார்க்கர் நிற்கிறது. இன்றைக்கும் அந்த புராஜெக்டைத் திறந்து 'கண்ணாடி' என்று தட்டினால் பட்டியலில் அந்த ஒரு வரிதான் வருகிறது.